சாமி படத்துக்குக் கீழே ஓர் ஆணி

போன மாதம் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் சித்தப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து, இலையெல்லாம் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. சித்தி இரும்பு அலமாரியைத் திறந்து சித்தப்பாவின் ஐசி (அடையாள அட்டை), இபிஎஃப் சேமநிதித் தாள், நிலத்து கிராண்ட் (பட்டா) என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். வேட்டிகளுக்குப் பின்னால் பழைய கைலி சுற்றிய நீளமான ஒரு பொருள். பிரிக்காமலேயே அது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

செனாப்பாங் பாத்தா. நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற 12 போர் துப்பாக்கி. சித்தப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை, ஓரத்தில் மரவள்ளியும் வாழையும். ராத்திரி ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் காலையில் மரவள்ளி வரப்பு ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். அதற்காக முறையாக உரிமம் எடுத்து வாங்கிய துப்பாக்கி.

தம்பிதான் முதலில் பேசினான். "அப்பா ஞாபகமா இருந்துட்டுப் போகட்டும்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

இந்தப் பதிவு அவனுக்குச் சொன்ன பதில்தான். அன்றைக்குப் பாதி சொன்னேன், மீதி இப்போது. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் சித்தப்பா பெயரில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிப்பார், ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தத் தாள் அவருக்கு மட்டும்தான். பழைய மோட்டார் சைக்கிள் மாதிரி பிள்ளைக்குத் தானாக வந்து சேரும் பொருள் இல்லை துப்பாக்கி. நம் மலேசியாவின் ஆயுதச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டத்தில் மாட்டினால் 14 ஆண்டு வரை போகும், 6-க்குக் குறையாமல் பிரம்படியும் உண்டு. அறுபத்தெட்டு வயதுச் சித்தியை யாரும் அங்கே கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள் என்று மச்சான் சொன்னார். இருக்கலாம். அதை நம்பி ஒரு ராத்திரி கூட நான் தூங்க மாட்டேன். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நாலு தோட்டாவை மட்டும் ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாமே என்றும் அவரே யோசனை சொன்னார். உரிமமில்லாத தோட்டாவுக்கும் அதே சட்டம்தான் மச்சான்.

தண்டனையைச் சொன்னால் நம் ஆட்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் பழசு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அவர் மேல் சுமத்திய குற்றம் ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாவும் வைத்திருந்தது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலச் சட்டத்தில் அதற்கே மரணம். இன்று அந்தச் சிறை நின்ற இடத்தில் பேரங்காடி கட்டி, ஜனங்கள் குளிர்சாதனத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் தாத்தா கடைசி வரைக்கும் துப்பாக்கி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார்.

ஆனால் அந்தப் பயமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதோடு நின்றுவிட்டது. உரிமம் இருக்கிறதா, இருக்கிறது, சரி என்று விட்டுவிடுகிறோம். அது வீட்டுக்குள் எங்கே இருக்கிறது, சாவி எங்கே, தோட்டா எங்கே, இதையெல்லாம் கேட்க நமக்கு நாக்கு வருவதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமாம்.

அன்றைக்குப் போலீஸ் நிலையத்துக்கு நானே போன் போட்டேன். நீங்களாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், நாங்கள் வருகிறோம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் தம்பி அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டிருந்தான். சாயங்காலம் ஒரு சார்ஜனும் கூட ஒருத்தரும் வந்தார்கள். சார்ஜன் கைலியைப் பிரித்து, நெம்புகோலைத் தள்ளி, துப்பாக்கியை மடித்து, குழலுக்குள் எட்டிப் பார்த்தார். காலி. எண்ணெய் மணம் அறை முழுக்கப் பரவியது. சித்தப்பா அதைத் துடைத்து வைத்திருந்த விதத்தைப் பார்த்து அவரே தலையாட்டினார்.

"பெலுரு மானா?"

தோட்டா எங்கே. சித்தி முழித்தார். தம்பி முழித்தான். அலமாரியில் இல்லை. ஸ்டோர் ரூமில் இல்லை. வாசல்படியில் போனை நோண்டிக்கொண்டிருந்த தம்பி மகன், ஒன்பது வயசு, தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"அரிசி டிரம்முக்குப் பின்னாடி, மைலோ டின்ல. மூணு செவப்பு, மத்ததெல்லாம் பச்சை."

போய்ப் பார்த்தோம். மைலோ டின். 11 தோட்டா. மூன்று சிவப்பு, எட்டு பச்சை. பித்தளை அடியில் பாசி பிடித்த மாதிரி களிம்பு ஏறியிருந்தது.

பையன் இடத்தைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தற்செயலாகப் பார்த்தான் என்று விட்டிருப்பேன். நிறம் பிரித்து எண்ணியிருக்கிறான். கீழே கொட்டி, எண்ணி, திரும்ப அடுக்கி வைத்திருக்கிறான். எத்தனை தடவை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அலமாரிச் சாவியோ முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அதே அலமாரியில்தான் சித்தியின் நகை, வீட்டுப் பத்திரம், பையனின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம். ஒரு நாளைக்கு நாலு தடவை யாராவது அந்தச் சாவியை எடுப்பார்கள். "டேய், அந்தச் சாவிய எடுத்துட்டு வா" என்று அந்தப் பையனையே அனுப்புவார்கள்.

சித்தப்பா அசட்டையான மனுஷர் இல்லை. துப்பாக்கியைக் காலியாக வைத்தார், பூட்டினார், தோட்டாவை வேறு இடத்தில் வைத்தார். கேட்டால் மூன்றுக்கும் ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: ஒளித்து வைப்பது பூட்டி வைப்பது ஆகாது. வீட்டில் ஒளித்த பொருளைப் பிள்ளைகள் கண்டுபிடிக்காமல் இருந்ததுண்டா? தீபாவளி முறுக்கு டின்னையே நாம் எத்தனை வருஷம் கண்டுபிடித்திருக்கிறோம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கிராமத்துக் குடும்பங்களிடம் இதையே கேட்டுப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தனியாகக் கேட்டபோது, தெரியும் என்றார்கள். பிள்ளை தொட்டதே இல்லை என்று சொன்னவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் தொட்டதாகச் சொன்னார்கள். நிபோங் திபாலுக்கும் அலபாமாவுக்கும் நடுவே பாதி உலகம் கிடக்கிறது, மைலோ டின் கதை மட்டும் ஒன்றுதான்.

இதைவிட மோசமாக முடிந்ததும் உண்டு. ஜெர்மனியில் வின்னெண்டன் ஊர்ப் பள்ளியில் 2009 மார்ச் 11-ஆம் தேதி ஒரு பதினேழு வயதுப் பையன் சுட ஆரம்பித்தான். அன்றைக்கு 15 பேரைக் கொன்றான், கடைசியில் தானும் செத்தான். அவன் அப்பா துப்பாக்கிக் கழக உறுப்பினர், எல்லாவற்றுக்கும் உரிமம் வைத்திருந்தவர். வீட்டில் 15 துப்பாக்கி. 14 பெட்டகத்துக்குள் பூட்டி இருந்தன. ஒன்று மட்டும் படுக்கையறையில். பையன் எடுத்தது அந்த ஒன்றைத்தான். சுடாத அப்பாவைக் கூண்டில் ஏற்றி, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டித்தார்கள். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது வேறு விஷயம். அதே வருஷம் சட்டத்தை இறுக்கி, எப்படி வைத்திருக்கிறாய் என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். இது எனக்குச் சரியாகப் படுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை உரிமத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் அல்லவா? அந்த ஒரு தடவை யாராவது வீட்டுக்கு வந்து, "பெட்டியக் காட்டு, சாவியக் காட்டு" என்று கேட்கட்டுமே. முருகன் படத்து ஆணியைப் பார்த்ததும் ஒரு சார்ஜனுக்குப் புரிந்துவிடும்.

"அவசரத்துக்குக் கை எட்டணுமே, திருடன் வந்தா?" என்று கண்டிப்பாக யாராவது கேட்பீர்கள். அமெரிக்காவில் இதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள். வாஷிங்டன் நகரத்தில் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டுப் போட்டோதான் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. தற்காப்புக்கு இடைஞ்சல் என்று 2008-இல் அதைத் தள்ளிவிட்டார்கள். அது அவர்கள் அரசியல் சாசனம், அவர்கள் பாடு. சித்தப்பா துப்பாக்கி வாங்கியது பன்றிக்கு. பன்றி வந்து கதவைத் தட்டாது. எழுந்து, முகம் கழுவி, இரண்டு பூட்டைத் திறந்து, லாம்பு எடுத்துக்கொண்டு போனாலும் அது மரவள்ளியில்தான் நிற்கும்.

அந்த இரண்டு பூட்டுக்கு ஆகிற நேரம்தான் எனக்கு முக்கியம். சம்சு சாராயம் உள்ளே போன ராத்திரி, எல்லைத் தகராறு முற்றிய ராத்திரி, மனசு உடைந்து தனியாக உட்கார்ந்திருக்கிற ராத்திரி. சாவியைத் தேடுகிற ஐந்து நிமிஷத்தில் கூடப் பிறந்தவன் எழுந்து வந்துவிடுவான்.

வைத்திருப்பவர்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன். துப்பாக்கிக்கென்று தனி இரும்புப் பெட்டி, சுவரோடு போல்ட் போட்டு. அதில் வேட்டியும் வேண்டாம், நகையும் வேண்டாம். வேறு பொருள் வைத்தால் வேறு ஆள் திறப்பான். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு சாவி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு. நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் பித்தளை சீக்கிரம் களிம்பேறும். பாழான தோட்டாவைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள், போலீஸிடம் கொடுங்கள். மடிக்கிற துப்பாக்கியில் குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். அந்தக் கட்டையை மட்டும் வேறு இடத்தில் பூட்டி வைத்தால், பெட்டியை உடைத்தவனுக்குக் கிடைப்பது பாதித் துப்பாக்கிதான். சாவி உரிமக்காரர் உடம்போடு இருக்கட்டும், சாமியிடம் வேண்டாம்.

சார்ஜன் துப்பாக்கியையும் 11 தோட்டாவையும் எழுதிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார். சித்தி அந்த ரசீதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

தம்பி இப்போது வாரிசு முறையில் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறான். முதலில் பெட்டி, அப்புறம் துப்பாக்கி என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி சித்தி போன் செய்தார். பன்றி திரும்ப இறங்கிவிட்டதாம், இந்தத் தடவை வாழையையும் விட்டு வைக்கவில்லையாம்.