அலமாரி அழகு, ஆனால் நடுவில் தொய்யும்

வீட்டிலேயே புத்தக அலமாரி செய்து படம் போட்டிருக்கும் கட்டுரையாளருக்கு முதலில் ஒரு சபாஷ். பாலிஷ் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் 12 மி.மீ. பிளைவுட், 4 அடி நீளம், நடுவில் தாங்கல் கிடையாது என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் இதே தப்பைச் செய்தவன். ஆறே மாதத்தில் தட்டு தொட்டில் மாதிரித் தொங்கியது. "இதில் பிள்ளையைப் போட்டு ஆட்டலாம்" என்று வீட்டம்மா கிண்டல்.

பலகையின் தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். 12-க்குப் பதில் 18 மி.மீ. போட்டிருந்தாலே மூன்று மடங்குக்கு மேல். அதற்காக இப்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். தட்டின் முன் ஓரத்தில் ஒன்றரை அங்குலத் தேக்கு ரீப்பரை (ஒடுக்கமான மரப்பட்டையை) செங்குத்தாக வைத்து, ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். கிளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம். நான் அப்படித்தான் ஒட்டினேன். பிதுங்கி வழியும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறவே ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

மூலை செங்கோணமா என்று பார்க்கும் மூலைமட்டம் இல்லாமல் கண்ணாலேயே பார்த்துச் சட்டம் அடித்தேன் என்கிறீர்கள். டேப் போதுமே! எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்க, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால் சட்டம் நேர்.

அடுத்தது ஸ்டூல் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் ஆடினாலும் பரவாயில்லை, படம் போடுங்கள்.