ஆளைத் திருத்தும் வகுப்பு எதற்கு?

ஓர் அலுவலகம் தன் ஊழியர்களுக்கு அனுப்பிய அந்தச் சுற்றறிக்கையை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரே அணியில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் ‘மன அழுத்த மேலாண்மை’ வகுப்பு, வருகை கட்டாயம். போனவர்களின் வேலையை யார் பார்ப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர்களுக்கு வந்திருப்பது பர்ன் அவுட், அதாவது வேலையால் ஆள் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவது. அது வெறும் களைப்பு இல்லை. களைப்பென்றால் இரண்டு நாள் தூங்கினால் தீரும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைச் சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தி வற்றிப்போகும், வேலை கசக்கும், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றும். இதை நோய் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை, பணி சார்ந்தது என்றார்கள். கோளாறு வேலையில் இருக்கும்போது ஆளைத் திருத்தி என்ன பயன்?

“நாங்களும் 12 மணி நேரம் உழைத்தவர்கள்தான்” என்று சிலர் வருவீர்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்று 2021-இல் அதே நிறுவனம் எச்சரித்தது. ஆனால் மணிக்கணக்கு மட்டும் இல்லை. எதை முதலில் முடிப்பது என்று தானே முடிவெடுக்கக்கூட உரிமை இல்லாதபோதுதான் மனிதர் உடைகிறார். அதுவும் நன்றாகச் செய்கிறவர் தலையில்தான் அடுத்த வேலையும் விழுகிறது.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: போன இரண்டு வாரம் செய்ததையெல்லாம் மணிக்கணக்கோடு ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஒரு நிமிஷம்’ என்று கேட்ட உதவி, திரும்பச் செய்த ரிப்போர்ட் எல்லாம் அதில் வர வேண்டும். அவைதான் எப்போதும் கணக்கில் விட்டுப்போகின்றன. 40 மணி வாரத்தில் 54 மணி வேலை இருந்தால், அந்த 14 மணியில் எதை நிறுத்துவது, எதைத் தள்ளிவைப்பது, எதற்கு ஆள் எடுப்பது என்று மேலாளர் எழுதித் தர வேண்டும். புது வேலை கொடுக்கும்போதெல்லாம் எந்தப் பழைய வேலையை விடலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

“லீவு கொடுத்தோமே” என்பீர்கள். திரும்பி வரும்போது 200 மெயில் அப்படியே காத்திருந்தால் அது லீவா? கிளம்பும் முன் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். அவர் எதுவரை தானே முடிவெடுக்கலாம் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே போன் வரும். திரும்பிய முதல் நாள் மீட்டிங் வைக்காதீர்கள்.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்புகிறவர்களுக்கு அலுவலக நேரத்திலேயே நடத்துங்கள். விடுமுறையிலும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், வகுப்பில் தீராது.

அந்தச் சனிக்கிழமையை ஊழியர்களிடமே விட்டுவிடுங்கள். காலியான மூன்று இடத்துக்கும் ஆள் எப்போது வரும் என்று தேதி போட்டு இன்னொரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.