லினக்ஸில் டிரேடிங்: வைனை எதுவரை நம்பலாம்?

டிரேடிங்குக்கு லினக்ஸ் சரிப்பட்டு வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. லண்டன் பங்குச் சந்தை 2011-இல் விண்டோஸில் ஓடிய தன் பழைய வர்த்தக அமைப்பைக் கைவிட்டு, லினக்ஸில் ஓடும் அமைப்புக்கு மாறியது. ஆர்டர் போய்ச் சேரும் இடமே லினக்ஸாக இருக்கும்போது, ஆர்டர் போடுகிறவர் மட்டும் ஏன் விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டுக் கையைக் கழுவும் மென்பொருள் நிறுவனங்களைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் எழுதியதை லினக்ஸில் ஓட்டித் தரும் மென்பொருள்தான் வைன்.

எல்லாரும் அப்படி இல்லை. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற புரோக்கர் நிறுவனத்தின் டிரேடிங் மென்பொருளான டிரேடர் வொர்க்ஸ்டேஷன் ஜாவாவில் எழுதியது, லினக்ஸுக்குத் தனி இன்ஸ்டாலரே உண்டு. சார்ட் பார்க்க உதவும் டிரேடிங்வியூவும் லினக்ஸ் செயலி தருகிறது. பிரவுசரில் திறப்பவற்றுக்குப் பிரச்சினையே இல்லை.

மெட்டாடிரேடர், அமிபுரோக்கர் மாதிரி விண்டோஸுக்காக எழுதிய டிரேடிங் மென்பொருள்களுக்குத்தான் வைன் தேவைப்படுகிறது. 1993-இல் தொடங்கிய திட்டம் அது. தனியாக ஒரு விண்டோஸை உள்ளே ஓட்டாமல், மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கிறது. மெட்டாடிரேடர் 5-க்கு, வைனையும் சேர்த்து நிறுவிக் கொடுக்கும் ஸ்கிரிப்டை மெட்டாடிரேடரை உருவாக்கிய நிறுவனமே வைத்திருக்கிறது. சார்ட் பார்க்க, பழைய தரவில் உத்தியைச் சோதித்துப் பார்க்க, தாராளமாகப் போதும்.

உண்மையான பணம் ஓடும்போது பேச்சு வேறு. மெட்டாடிரேடரில் நீங்கள் போடும் ஸ்டாப் லாஸ், அதாவது விலை எதிராகப் போனால் நீங்கள் குறித்த இடத்தில் வெளியேறச் சொல்லும் ஆர்டர், புரோக்கரின் சர்வரில் இருக்கும். உங்கள் கணினி அணைந்தாலும் அது அங்கே காவல் நிற்கும். டிரெயிலிங் ஸ்டாப் அப்படி இல்லை. விலை நகர நகர ஸ்டாப்பை நகர்த்துவது உங்கள் கணினியில் திறந்திருக்கும் டெர்மினல், அதாவது மெட்டாடிரேடர் மென்பொருள்தான். வைன் நடுவில் முறிந்தாலோ, லேப்டாப் மூடியை மூடியதும் கணினி உறங்கப் போனாலோ, ஸ்டாப் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தானாக ஆர்டர் போடும் ரோபோக்களும் டெர்மினலோடு சேர்ந்து நின்றுபோகும். (விண்டோஸிலும் இதே கதைதான். ஆனால் வைன் இடையில் இருந்தால், முறிய இன்னோர் இடம் கூடுகிறது.) அதனால் எந்தப் பொசிஷனைத் திறந்தாலும், அதாவது எதை வாங்கினாலும் விற்றாலும், முதலில் சர்வரில் ஒரு ஸ்டாப் லாஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைனைச் சந்தை நேரத்தில் அப்டேட் செய்யாதீர்கள். ஒழுங்காக ஓடும் பதிப்பு கிடைத்துவிட்டால், உபுண்டு, டெபியன் போன்றவற்றில் apt-mark hold கட்டளையால் அதைப் பிடித்து நிறுத்தலாம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வைன் பிரிஃபிக்ஸ், அதாவது தனி ஃபோல்டர் வையுங்கள். ஒன்றுக்காக மாற்றிய அமைப்பு மற்றதைக் கெடுக்காது.

பைத்தானில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மெட்டாடிரேடர் 5-இன் பைத்தான் நூலகம் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. லினக்ஸ் பைத்தானில் நேரடியாக ஏறாது. விண்டோஸ் பைத்தானையும் அதே வைனுக்குள் நிறுவிப் பாலம் போட வேண்டியிருக்கும். அந்தச் சுற்றுவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரோபோதான் உங்கள் முழு வேலை என்றால், லினக்ஸில் நேரடியாகப் பேசும் ஏபிஐ (உங்கள் நிரல் புரோக்கரோடு பேசும் வழி) உள்ள புரோக்கரைத் தேடுங்கள். கணக்குத் திறக்கும் முன்பே "லினக்ஸுக்கு என்ன தருகிறீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் அவர்கள் காதிலும் விழும்.