‘ஏன்’ என்று கேட்பது வக்காலத்து ஆகாது

ஞாயிற்றுக்கிழமை உயர்கல்வி வழிகாட்டி மேடையில் அந்தப் பெரியவர் பேசிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சமூகவியல் என்பது மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடமாம். குற்றவியல் படித்தால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கத்தான் வருமாம். இளங்கலையில் முன்னதையும் முதுகலையில் பின்னதையும் படித்த எனக்கு, அந்தக் கைதட்டல் இன்னும் காதில் நிற்கிறது.

ஒருவன் ஏன் திருடினான் என்று கேட்பது, திருடியது சரி என்று சொல்வதாகாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல், பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்று முத்திரை குத்தியதுதான் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில், அச்சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது.

என் தாத்தா இளவயதில் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, இரவுதோறும் ரேகை வைத்துவிட்டுச் சாவடியில் படுத்தவர். எண்பது வயதில் முதியோர் உதவித்தொகைக்காகப் பெருவிரலில் மை தடவியபோது, கை நடுங்கிப் படிவமெங்கும் மை இழுகியது. வீட்டுக்கு வந்தும், தோல் சிவக்கும்வரை அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நடுக்கத்தின் காரணம் எனக்கு வகுப்பறையில்தான் விளங்கியது.

‘பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச மாட்டீர்களா’ என்று கேட்பீர்கள். பேசுகிறோம், பாதிக்கப்பட்டோரியல் என்று தனித் தாளே எழுதினோம். வேலைவாய்ப்பு குறைவு என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொல்கிறது. தீர்ப்பே வராதவர்கள் இவர்கள். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் உள்ளே கிடப்பவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அவர் பிள்ளைகள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? கேட்டால் அதுவும் வக்காலத்தா?

என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் அமர்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, விரும்பியே சமூகவியலைத் தேர்ந்தெடுத்தவள். மறுநாள் காலையில், “அப்பா வணிகவியலுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் அக்கா” என்று போனில் அழுதாள். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமைவரை நேரமிருக்கிறது. நாளை மாலை என் முதுகலைப் பாடநூல்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அப்பாவிடம் நானே பேசுவேன்.