பெயின்ட் எப்ப எண்டு கேக்கிற எல்லாருக்கும்

முதல்ல ஒண்டச் சொல்லிப்போடுறன், கார் ஓடுது. நேத்தும் மட்டக்களப்பு ஊறணியில இருந்து கல்லடிப் பாலம் தாண்டிப் போய் வந்தனான், வழியில எங்கயும் நிக்கவுமில்ல, கொதிக்கவுமில்ல. ஆனா இப்பவும் ரெட் ஒக்சைட்லதான் (பெயின்டுக்கு முதல் அடிக்கிற கறள் தடுப்புச் சிவப்புப் பூச்சு) நிக்கிது, ஒரு கதவு மட்டும் பழைய பச்சை, அதப் பாத்துப்போட்டு டவுனுக்குள்ள காணுற எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், பெயின்ட் எப்ப? பெற்றோல் ஷெட்ல ஒரு அண்ணன் "என்ன தம்பி, காசு முடிஞ்சிட்டோ" எண்டே கேட்டுட்டார். காசும் முடிஞ்சதுதான், அது வேற கதை. ஒவ்வொருத்தருக்கும் நிண்டு நிண்டு பதில் சொல்லி வாய் நோகுது, அதான் இஞ்ச எழுதுறன், நீளமா வரும், பொறுமையில்லாத ஆக்கள் படத்தப் பாத்துட்டுப் போங்க.

கார் எங்கட பெரியப்பாட. 1958 மொறிஸ் மைனர் 1000, 948 சீசீ என்ஜின், நம்பர் தட்டில சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிற பழைய ஸ்ரீ நம்பர். (அந்த ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசின கதையெல்லாம் வீட்டில வயசான ஆக்கள் இருந்தா கேட்டுப் பாருங்க.) கோட்டைக்குள்ள கச்சேரியில, அதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரில, கிளாக்கரா இருந்த மனிசன், 69ல ஒரு டொக்டரிட்ட இருந்து பழசா வாங்கினவர். 78 நவம்பர் 23 சூறாவளி ராத்திரி கொட்டில்ட வளை முறிஞ்சு காருக்கு மேல விழுந்து கூரையில ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தோடயே பன்னிரெண்டு வருஷம் ஓடினது. 90 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு பெற்றோலும் இல்ல, போறதுக்கு றோட்டும் இல்ல, நாலு சில்லையும் கழட்டி கல்லில ஏத்தி வச்சவர், நிலைமை சரியானா இறக்குவம் எண்டு. அந்த நிலைமை எப்ப சரியானது எண்டு உங்களுக்கே தெரியும்.

பிறகு 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. கல்லடி ஆக்களுக்கு நான் அதச் சொல்லத் தேவல்ல, திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிஞ்சு நிண்டதப் பாத்த ஆக்கள்தானே நாங்க. எங்கட வீட்டில உயிரெல்லாம் தப்பினது கடவுள் புண்ணியம், கார் கல்லில இருந்து மிதந்து இறங்கி மதிலோட சாத்திக்கிட்டு நிண்டது. முகாமில இருந்து திரும்பி வந்த பெரியப்பா முதல் செஞ்ச வேலை என்னெண்டா காரக் கழுவினது. கிணத்துல அள்ளி அள்ளி, வாளி வாளியா, மூண்டு நாள். சட்டி பானை தேடிக்கொண்டிருந்த பெரியம்மாக்கு வந்த கோபம் இன்னும் என்ட காதுக்குள்ள கிடக்கு. கழுவிக் காய வச்சு, கையெட்டின இடமெல்லாம் கிரீஸ் பூசி, பிறகு ட்ரக்டர்ல கட்டி இழுத்து ஊறணி அக்காட வளவுக்குக் கொண்டு வந்து படங்கு போட்டு மூடினவர். அந்த நேரம் ஒருத்தரும் யோசிக்காத விஷயம், அந்தக் கிணறே உப்பு. கடல் ஏறின கிணத்துத் தண்ணிய அப்ப வாயில வைக்க ஏலுமா? மனிசன் உப்பக் கழுவுறன் எண்டு உப்புத் தண்ணியாலயே மூண்டு நாள் கழுவியிருக்கார்.

2013ல பெரியப்பா செத்துப்போயிட்டார். கார் படங்குக்குள்ள கிடந்தது, கோழி முட்டை போடும், எங்கட பொடியன் ஒளிச்சு விளையாடுவான், அவ்வளவுதான். 2020 பங்குனியில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்களே, அதுக்குப் பிறகுதான் திடீரெண்டு எல்லாருக்கும் அது கண்ணில பட்டிச்சு. கொழும்பில இருந்து ஒரு புரோக்கர் வந்து சுத்திச் சுத்திப் பாத்து, படம் எடுத்து, கண்டிஷன் பாக்காமலே நாலு இலட்சம் தாறன் எண்டான். அக்கா குடுப்பம் எண்டா. நான்தான் வேணாம் எண்டு சொல்லி இழுத்துப் பிடிச்சனான், இழுத்தது ஆசையில, அறிவில இல்ல, அதயும் சொல்லிப்போடோணும்.

முதல்ல கொண்டு போனது ஒரு பெரிய கராஜுக்கு, பேர் வேணாம். அவங்கட கணக்கு, மூண்டு கிழமை, கட்டலோய் (பள்ளம், ஓட்டை அடைக்கிற பசை) போட்டு அடிச்சுத் தேய்ச்சு ரெண்டு கலர்ல பெயின்ட், சீற்றுக்குப் புது ரெக்சின், குரோம் பூச்சு, "கல்யாணக் காராக் குடுத்தாலே காசு வந்திடும் அண்ணா". போன்ல காட்டின படங்கள் உண்மையா வடிவு. ஓம் எண்டு சொல்லி அட்வான்ஸும் குடுக்கப் போனனான். அண்டைக்கு அவங்களிட்ட வேலை முடிஞ்சு நிண்ட ஒரு ஒஸ்டின் காருக்கு முன்னால என்ட பொடியன் விளையாட்டுக் காந்தத்தோட நிண்டான், கதவுக்குக் கீழ வச்சுப் பாக்கிறான், ஒட்டுதில்ல, விழுது. மேல வச்சா ஒட்டுது, கீழ விழுது. "அப்பா இது பிளாஸ்டிக் காரா" எண்டு கேட்டான். ஒரு சாண் உயரத்துக்குத் தகரமே இல்ல, எல்லாம் கட்டலோய். அட்வான்ஸக் குடுக்காம வந்துட்டன்.

பிறகுதான் காத்தான்குடி நானாவப் பிடிச்சது. அறுபது தாண்டின டிங்கர் பாஸ், கார்த் தகரம் தட்டி ஒட்டுற ஆள், கராஜ் எண்டு போர்டு இல்ல, ஒரு மாமரம், ஒரு கேஸ் சிலிண்டர், நாலு சுத்தியல். வந்து பாத்தவர் காருக்கு வெளியால பாக்கவேயில்ல, ஸ்க்ரூ ட்ரைவர எடுத்துக்கிட்டு நேரா கீழ படுத்தார். டொக் டொக் எண்டு தட்டிக்கிட்டே போறார், நல்ல தகரமெண்டா மணி மாதிரிச் சத்தம், பிறகு சத்தம் மாறி புஸ் எண்டு ஸ்க்ரூ ட்ரைவர் பிடி வரைக்கும் உள்ளுக்குப் போச்சு. வெளிய வந்து சாரத்தத் தட்டிப்போட்டுச் சொன்னார், "மனே, இதப் பெயின்ட்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிது."

இந்த மாதிரிக் காருக்குத் தனியா சேசிஸ் இல்ல, லொறிக்கு இருக்கிற மாதிரி ஒரு சட்டத்துக்கு மேல பாடி தூக்கி வச்ச வேலையில்ல. அடித் தகரமும், கதவுக்குக் கீழால ஓடுற பெட்டித் தகரமும், குறுக்குப் பெட்டியும்தான் முழுக் காரையும் தாங்குது. பெட்டியெண்டா உள்ளுக்கு வெறும் வெளி, தண்ணி போக வழியிருக்கு, காய வழியில்ல. உப்பு இருந்தா அது காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுத்து வச்சிக்கும், மட்டக்களப்புக் காத்துக்கு ஈரம் பஞ்சமா? அதனால உள்ளுக்கால தின்னுக்கிட்டு வரும், வெளியால கடைசியா ஒரு சின்னப் பொங்கல், காசளவு, அதுக்கு மேல ஒரு கை கட்டலோயப் பூசினா சரி எண்டு நாங்க நினைக்கிறம்.

நானா இடப்பக்கப் பெட்டிய கிரைண்டரால வெட்டின அண்டைக்கு நான் பக்கத்தில நிண்டனான். ஒரு முழ நீளத்துக்குக் கிழிச்சுத் தகரத்த மடக்கி இழுத்தார், முதல்ல கறள் தகடு தகடா விழுந்திச்சு, அப்பளம் நொறுங்கின மாதிரி. அதுக்குப் பின்னால மண். வெள்ளைக் கடல் மண், சின்னச் சின்னச் சிப்பி உடைசலோட, நிலத்தில கொட்டிக்கிட்டே இருந்திச்சு. நானா கிரைண்டர நிப்பாட்டிட்டார். ரெண்டு பேரும் ஒண்டும் பேசல்ல. அவருக்கும் அந்த நாள் இருக்கு, எனக்கும் இருக்கு. பத்தொம்பது வருஷமா அந்தப் பெட்டிக்குள்ள ஈரம் காயாம இருந்திருக்கு, கொஞ்சம் எடுத்து நாக்கில வச்சுப் பாத்தன், கரிச்சிச்சு. பெரியப்பா மூண்டு நாள் கழுவின வெளிப்பக்கம் அவ்வளவு மோசமில்ல, அவருக்குக் கை போகாத இடத்திலதான் முழுக்கப் போயிருக்கு.

வெட்டுறது எண்டவுடனே வீட்டில எல்லாருக்கும் பயம், ஒரிஜினல் போயிடும், பெறுமதி போயிடும் எண்டு. அவங்களுக்கு நான் சொன்ன கதைய உங்களுக்கும் சொல்றன். மொறிஸ் மைனர டிசைன் பண்ணின அலெக் இசிகோனிஸ் (பிறகு மினி காரையும் செஞ்ச ஆள்), 1948ல கார் லண்டன் ஷோவுக்கு வாறதுக்கு முதல், எல்லாம் முடிஞ்ச நேரத்தில, கார் ஒடுக்கமா இருக்கு எண்டு மாதிரிக் கார நடுவால ரெண்டா வெட்டச் சொல்லி, ரெண்டு பாதியையும் தள்ளி வச்சுப் பாத்து, நாலு இஞ்சி இடைவெளி சரி எண்டு முடிவெடுத்தவர். பொனட் நடுவால மேல எழும்பின ஒரு பட்டி ஓடுதே, அது அந்த நாலு இஞ்சிதான். அப்பிடி வெட்டினத்தான் 16 இலட்சத்துக்கு மேல செஞ்சு வித்தாங்க. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இதப் பிடிக்கவேயில்ல, தண்ணியில உடைச்சு ஊத்தி அவிச்ச முட்டை மாதிரி இருக்கு எண்டவராம். நானாக்கு இதச் சொன்னா அவர் பொனட்டத் தடவிப் பாத்துட்டு, "அப்ப நம்மளும் வெட்டலாம்" எண்டு சிரிச்சார்.

வெட்டுறதுக்கும் முறை இருக்கு, அதுலதான் நான் அந்த மனிசன்ட வேலையக் கண்டது. பெட்டியக் கழட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கால இரும்புக் குழாய் வச்சு ஒட்டினார், ரெண்டு பக்கமும். கதவக் கழட்டல்ல, மாட்டியபடியே வேலை. ஏனெண்டா பெட்டி போனா கார் நடுவால தொய்யும், தொய்ஞ்சபடி புதுத் தகரத்த ஒட்டிட்டா பிறகு கதவு சாகும்வரைக்கும் பூட்டாது. ஒரு சாண் ஒட்டுவார், கதவத் திறந்து பூட்டிப் பாப்பார், தேத்தண்ணி குடிப்பார், அடுத்த சாண். ஒரு பக்கம் முடிய ஒண்டரை மாசம். மற்றக் கராஜ்ல முழுக் காரும் மூண்டு கிழமை, ஞாபகமிருக்கா.

இன்னொண்டு. இந்தக் காருக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் என்ஜினுக்குப் பக்கத்தில இல்ல, ட்ரைவர்ட காலுக்குக் கீழ, அடித் தகரத்தோட சேத்து ஒட்டின பெட்டிச் சட்டத்துக்குள்ள பூட்டியிருக்கு. எங்கட கார்ல அந்தச் சட்டம் கையால பிய்க்கிற மாதிரி இருந்திச்சு. இதுக்கு மேல புது கார்ப்பெட் போட்டு, மாப்பிளை பொம்பிளைய ஏத்தி, கல்லடிப் பாலத்தில ஒருத்தன் பிரேக்க அமத்துறத யோசிச்சுப் பாருங்க. கோபம் வருது எனக்கு. வடிவா இருக்கட்டும் எண்டு ஆசைப்படுறது பிழையில்ல, எனக்கும் ஆசைதான், ஆனா அடியில ஒண்டுமில்லாத கார மினுக்கி றோட்டில விடுறது வேலை தெரிஞ்ச ஆக்கள் செய்யிற வேலையில்ல. வாங்கப் போற ஆக்கள் ஒரு சின்னக் காந்தத்தத் துணியில சுத்திக்கொண்டு போங்க, கதவுக்குக் கீழ, சில்லு வளைவு, பின்னால டிக்கித் தட்டு, மூண்டு இடத்தில வச்சுப் பாருங்க. விக்கிற ஆள்ட முகத்தையும் பாருங்க.

என்ஜின் கதை சின்னன். இறுகிக் கிடந்திச்சு, சாவியத் திருப்பாம, பிளக்க கழட்டி டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊத்தி ஊற வச்சு, நாளுக்கு ஒருக்கா ஹேண்டிலப் போட்டு அசைச்சுப் பாத்தம், பதினேழாம் நாள் கொஞ்சம் திரும்பிச்சு, அவ்வளவுதான். டேங்க் முழுக்கக் கறள், பழைய பெற்றோல் பலாப்பால் மாதிரிப் பிசின். கரண்ட் வேலைக்கு வந்த ஒரு பொடியன் வழமை போல பற்றரிட நெகட்டிவ்வ பாடிக்குக் குடுத்துட்டான், இந்தக் காருக்கு பொசிட்டிவ்தான் பாடிக்கு, ஸ்டார்ட் பண்ணினவுடனே டைனமோட கட்-அவுட் (பற்றரிக்குக் கரண்ட விடுற சுவிட்ச்) கருகி மணந்திச்சு. அவனில பிழையில்ல, அவன் பிறக்க முதல் போன முறை அது, நான்தான் சொல்லியிருக்கோணும். சாமான் பாதி கொழும்புப் பஞ்சிகாவத்தையில, பழைய பாட்ஸ் விக்கிற இடத்தில, தேடினது, ரெண்டு தரம் ராத்திரி பஸ்ல போய். அடித் தகரம் நானா கையாலயே மடிச்சுச் செஞ்சார்.

காசக் கேக்கப் போறீங்க, ஒன்பது இலட்சம் தாண்டிட்டு, கார்ப் பதிவுப் புத்தகத்தப் பேர் மாத்தின அலைச்சல் கணக்கில இல்ல. 25ல இறக்குமதியத் திரும்பத் திறந்து விட்ட பிறகு அந்தப் புரோக்கர் போனும் எடுக்கிறானில்ல. இலாபக் கணக்குப் பாக்கிற ஆக்கள் இந்த வேலைக்கு வராதீங்க.

இனி பெயின்ட். மாரி மழையில அடிச்சா ஈரத்தில வெள்ளை பூக்கும், கச்சான் காத்தில அடிச்சா புழுதி ஒட்டும், ரெண்டுக்கும் இடையில ஒரு ரெண்டு மாசம்தான் நானா சரியெண்டுற. அதுக்கு முதல் இந்த மாரிய ரெட் ஒக்சைட்ல ஓடிப் பாக்கோணும், எங்கயாவது தண்ணி உள்ளுக்கு வருதா, ஒட்டின இடத்தில வெடிப்பு வருதா எண்டு. பெயின்டுக்குக் கீழ போனா பிறகு ஒண்டும் தெரியாது. மற்றது, கூரையில அந்தப் பள்ளம். நானா தட்டி எடுக்க அரை நாள் போதும் எண்டார். அம்மா வந்து பாத்து, அதுக்கு மேல கையை வச்சு, "இது சூறாவளிப் பள்ளமெல்லா, இதையேன் எடுக்கிற" எண்டா. பெரியம்மா எடுக்கச் சொல்றா, மழைத் தண்ணி அதுக்குள்ள நிக்குமாம். அவ சொல்றதும் சரி. ரெண்டு பேரும் பேசி முடிவெடுக்கட்டும், நான் தலையப் போடல்ல.

அதுவரைக்கும் ஒரு உதவி. இந்தக் காருக்கு கதவுத் தூணுக்குள்ள இருந்து கை மாதிரி வெளிய வாற பழைய சிக்னல், இடப்பக்கம் வேலை செய்யுது, வலப்பக்கக் கை இல்ல, கடலோட போச்சோ தெரியல்ல. கல்முனைப் பக்கமோ வாழைச்சேனைப் பக்கமோ யாரிட்டயாவது பழைய ஒண்டு கிடந்தா சொல்லுங்க, உடைஞ்சதெண்டாலும் பரவாயில்ல. இப்ப வலப்பக்கம் திரும்பேக்க கையத்தான் வெளிய நீட்டுறன், முன்னால வாற ஓட்டோக்காரர் எனக்குக் கையக் காட்டிட்டுப் போறாங்க.