கைராசி இல்லை, அலைச்சல்

அப்பா போனதிலிருந்து, துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வது, "கைராசிக்கார டாக்டர்." அன்பில் சொல்வதுதான், தெரியும். ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ராசி என்று சொல்லிவிட்டால் அவர் அலைந்த அலைச்சல் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

அரசு மருத்துவராக அவர் அதிகம் பார்த்தது காசநோய். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் எண்ணிக்கை குறையும். சில வாரத்திலேயே இருமல் அடங்கி, பசி எடுத்து, உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கும். நிறைய பேர் நிறுத்துவது அங்கேதான். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கினால், பழைய மருந்துக்கு மசியாமலும் போகலாம். அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மாத்திரை வாங்க வராதவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி. டியூட்டி முடிந்ததும் அந்தச் சுழிகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தமோ என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அதனால் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நாளைக்கு ஒண்ணுக்கு கலர் மாறும், பயப்படாதீங்க. மாறலைன்னாதான் ஏன்னு கேப்பேன்."

இதில் ராசி எங்கே இருக்கிறது?

1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகம் அறிவித்தபோது அப்பா மருத்துவ மாணவர். அந்தச் செய்தியைப் பற்றி வயதான பிறகும் அதே பூரிப்போடு பேசுவார். அதைவிட அதிகம் பேசியது டாக்டர் திலீப் மஹலநபிஸைப் பற்றி. 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து, நோயாளியின் வீட்டாரையே புகட்ட வைத்தார் அவர். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. எங்களுக்குக் கதை என்றால் இதுதான். அம்மாக்கள் கையில் டம்ளர் இருந்தால் பாதி ஆஸ்பத்திரி காலியாகிவிடும் என்பார். தடுப்பூசி முகாமுக்கும் கரைசல் சொல்லிக் கொடுக்கவும் விடுமுறை நாளில்கூடப் போனார். வராமல் போன நோய்க்கு யாரும் மாலையோடு வரமாட்டார்கள். அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "குடும்பத்தை மறந்து உழைத்தார்" என்று பேசினார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை இல்லை. அப்பா எங்களை ஒரு நாளும் மறக்கவில்லை. எவ்வளவு நேரமாகி வந்தாலும் கை கழுவிவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லு" என்பார். நோயாளியிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், "முதல்லேர்ந்து சொல்லுங்க." குறுக்கே பேசமாட்டார். மருத்துவர் என்றால் வீட்டை மறந்தால்தான் பெருமை என்று நாம் பேசிப் பேசியே இளம் மருத்துவர்கள் மீது எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோம்! அதை இனியாவது நிறுத்த வேண்டும்.

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ராத்திரி போனை எடுப்பது அவள்தான். காய்ச்சல் எப்போதிலிருந்து, வாந்தி எத்தனை தடவை, "குழந்தை கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டுக் குறித்துவைத்துவிட்டுத்தான் அப்பாவை எழுப்புவாள். சிறுநீர் குறைந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. "பாதி வைத்தியம் உங்கம்மா போன்லயே முடிச்சிடறா" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொல்வார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதிவைக்கிறேன், அடுத்த கூட்டத்தில் யாராவது அவள் பெயரையும் சொல்லட்டும்.

அப்பாவுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: தெரிந்தவர் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இன்று ஒரு போன் செய்யுங்கள். மூன்றாவது மாதமா, நான்காவது மாதமா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால், மறுபடி மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.