இரண்டாவது கப்பலைச் சேர்த்தது புளூட்டார்க் இல்லை

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா என்பது ஒரு பழைய புதிர். கழற்றிய பழைய பலகைகளில் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: முப்பது துடுப்புகள் கொண்ட அந்தக் கப்பலில் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகையை அடித்து ஏதென்ஸ்காரர்கள் காப்பாற்றி வந்தார்கள், அதே கப்பல்தான் என்று ஒரு சாரார், இல்லை என்று மறு சாரார். அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

கழற்றிய பலகைகளை ஒருவன் பத்திரப்படுத்தி, அதே வரிசையில் பூட்டினால்? இந்தக் குசும்பு 1655இல் ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் செய்தது. என்னைக் கேட்டால் விவகாரம் அங்கேதான் சூடு பிடிக்கிறது. அதுவரை 'கொஞ்சம் கொஞ்சமாகத்தானே மாறியது, அதே கப்பல்தான்' என்று சொல்லித் தப்பிக்கலாம். இப்போது துறைமுகத்தில் இரண்டு நிற்கின்றனவே!